லவ் பேர்ட்ஸுக்கு நகம் வெட்டப் போகிறீர்களா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

2025 மே மாதம், வெசாக்குக்கு முந்தின சனிக்கிழமை. இரவு ஒன்பது மணி. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குசினி மேசையில் நான் இருக்கிறேன். கையில் என் கொக்கட்டீல் மணியன் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை), சட்டையில் இரத்தம், பக்கத்தில் கோப்பித்தூள் போத்தலோடு மாமி. மறுநாள் ஞாயிறு, திங்கள் போயா, செவ்வாயும் விடுமுறை. தெரிந்த மிருக வைத்தியர்கள் ஒருவரும் ஃபோன் எடுக்கவில்லை.

மணியன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு நான் விட்ட பிழைகளை எண்ணினால் ஏழெட்டு வரும். அவற்றை நீங்களும் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் வளர்க்கிற சிறிய பறவைகளுக்கு, அதாவது கொழும்பில் எல்லாரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜிக்கும் கொக்கட்டீலுக்கும் இது பொருந்தும். பெரிய கிளி வகைகளுக்கு நகம் தடிப்பு, கடியும் பலம். அவற்றை முதல் தடவை நீங்களாக வெட்டப் போகாதீர்கள்.

1. வெட்டத்தான் வேண்டுமா?

பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். நகம் கூராக இருக்கிறது, தோளில் ஏறினால் குத்துகிறது என்பதற்காக வெட்டத் தேவையில்லை. கூர் நுனியை மட்டும் நகம் ராவும் அட்டையால் இரண்டு தரம் தேய்த்துவிட்டால் காணும்.

நீளமா இல்லையா என்று பார்க்க, பறவையை மேசை போன்ற சமமான இடத்தில் நிற்க விடுங்கள். விரலின் அடி முழுவதும் மேசையில் படிந்திருந்தால் நகம் சரி. நகம் முட்டுக்கொடுத்து விரல் நுனியை மேலே தூக்கினாலோ, விரல் ஒரு பக்கம் திரும்பினாலோ நீளம் கூடிவிட்டது. திரைச்சீலையில், கூட்டுக்கு மூடுகிற துணியில் அடிக்கடி மாட்டிக்கொள்வதும் அறிகுறிதான். மாட்டிய காலோடு பறவை பதறிப் பறந்தால் நகம் வேரோடு பிடுங்கப்படும், சில நேரம் கால் எலும்பும் முறியும்.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். நகத்தோடு அலகும் சேர்ந்து வேகமாக வளர்கிறதா? நகத்தில் கறுப்புப் புள்ளிகள் புதிதாகத் தெரிகின்றனவா? அப்படியென்றால் ஈரலில் கோளாறு இருக்கலாம். சூரியகாந்தி விதையை மட்டும் தின்று வளர்கிற பறவைகளில் இதைக் காணலாம். அதேபோல, பட்ஜியின் அலகு ஓரத்திலும் காலிலும் தேன்கூடு மாதிரிப் பொருக்குக் கட்டியிருந்தால் அது சிற்றுண்ணி வேலை. இந்த இரண்டுக்கும் நகவெட்டி மருந்தல்ல. நேரே வைத்தியரிடம் போங்கள்.

2. ஒரு கிழமைக்கு முன்னரே தொடங்குங்கள்

நகம் வெட்ட எடுக்கிற நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். ஆனால் அந்த மூன்று நிமிடமும் எப்படிப் போகும் என்பது முந்தின கிழமையே தீர்மானமாகிவிடும். நான் ஒன்றும் பழக்கவில்லை. நேரே துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் மணியன் என் கைக்கு வரவில்லை.

வெட்டப்போகிற நாளில் பாவிக்கிற அதே துணியை எடுத்து, கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வையுங்கள். அப்புறம் அதன் மேல் தினைக் கதிர் வைத்துத் தின்ன விடுங்கள். மூன்றாம் நான்காம் நாள் துணியால் முதுகை இலேசாக மூடி எடுங்கள். விரல்களைத் தொட்டுப் பழக்குங்கள், நகவெட்டியை வெறுமனே 'டிக்' என்று அமர்த்திச் சத்தத்தைக் கேட்க விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தினைக் கதிர் கூலி.

துணி பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் துவாயால் பிடி என்பார்கள். துவாயில் இருக்கிற நூல் வளையங்களில்தான் நகம் மாட்டும். வீட்டில் பழைய சாரம் இருந்தால் அதில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். மெல்லிசு, காற்று போகும், வளையம் கிடையாது. இதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

3. சாமானும் செலவும்

- குழந்தைப் பிள்ளைகளுக்குப் பாவிக்கிற சின்ன நகவெட்டி. பட்ஜிக்கு அதுவே போதும். கொக்கட்டீலுக்குப் பூனை நகம் வெட்டும் கத்தரிக்கோல் வசதி. அதன் அலகில் அரை வட்டமாக ஒரு வெட்டு இருக்கும், நகம் அதற்குள் வழுக்காமல் நிற்கும். எதுவானாலும் புதுசாக, கூராக இருக்கவேண்டும். மொட்டைக் கத்தரிக்கோல் நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும்.
- நகம் ராவும் அட்டை ஒன்று.
- கோன் பிளவர் மா (சோள மா), இரத்தம் வந்தால் வைக்க. ஒரு போத்தல் மூடியில் நிரப்பி, கைக்கு எட்டும் இடத்தில் முன்னரே வைத்துவிடுங்கள். பெட்டியைத் தேடி அலுமாரி திறக்க அப்போது நேரம் இராது.
- இரத்தம் நிறுத்தும் தூள், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைத்தால். இது நகத்துக்கு மட்டும்தான், கிழிந்த தோலில் போடக்கூடாது, எரிக்கும்.
- கொட்டன் பட் இரண்டு மூன்று, ஃபோனில் இருக்கிற டோர்ச், ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு.

தராசைத் தவிர்த்து எனக்கு 2,000 ரூபாவுக்குள் முடிந்தது. பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கும்.

வாங்காமல் விடவேண்டியவையும் உண்டு. கோப்பித்தூள் எங்கள் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் முதல் மருந்து. மாமி கொண்டுவந்ததில் பிழை இல்லை, அவருடைய அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் பறவை காலை வாயில் வைத்துக் கோதும். கோப்பியில் உள்ள கஃபீன் பறவைக்கு நஞ்சு. மஞ்சள் தூள் நஞ்சில்லை. ஆனால் இரத்தம் நின்றதா இல்லையா என்று பார்க்க விடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள களிம்புகளும் வேண்டாம். இறகில் பூசிக்கொண்டு அதையும் விழுங்கும்.

4. நாள், நேரம், அறை

ஞாயிறு, போயா, அவற்றுக்கு முந்தின பின்னேரம், இந்த மூன்றிலும் நகவெட்டியைத் தொடாதீர்கள். ஏதாவது நடந்தால் ஓடிப்போக ஓரிடம் திறந்திருக்கவேண்டும். வேலை நாளில் காலை எட்டு, ஒன்பது மணி நல்லது. வெளிச்சமும் இருக்கும், வெயிலும் ஏறியிராது. கொழும்புப் புழுக்கத்தில், அதிலும் சித்திரை மாதத்து மத்தியானத்தில், துணிக்குள் சுற்றிய பறவை சீக்கிரமே சூடேறிப்போகும். பறவை வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

தின்ற உடனே பிடிக்கவும் கூடாது. இரைப்பை நிறைந்திருந்தால் கக்கும், கக்கியது மூச்சுக் குழாய்க்குள் போகலாம். காலைத் தீனிக்கு முதலே முடித்துவிட்டு, தீனியைப் பரிசாகக் கொடுங்கள்.

அறையில் முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. வேகத்தைக் குறைப்பது போதாது, சுவிட்சை அமர்த்தி இறக்கைகள் சுற்றி ஓய்கிற வரைக்கும் நில்லுங்கள். கையை உதறிக்கொண்டு கிளம்புகிற பறவை நேரே மேலேதான் போகும். அடுத்தது யன்னல்கள். எங்கள் யன்னல் கிறில் இடைவெளியில் பட்ஜி தாராளமாகப் போய்விடும். வெளியே போனால் அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். கொழும்புக் காகங்கள் ஐந்து நிமிடம்கூடக் கொடுக்காது. கண்ணாடியை மூடுங்கள் அல்லது திரையை இழுத்துவிடுங்கள். குசினியில் செய்யாதீர்கள், அடுப்பும் கொதிநீரும் இருக்கிற இடம். நான் செய்தது குசினியில்தான்.

5. பிடிக்கிற விதம்

நகத்தை ஒட்ட வெட்டினால் இரத்தம் வரும், அதை நிறுத்திவிடலாம். பிழையாகப் பிடித்தால் பறவை கையிலேயே செத்துப்போகும். ஆகவே இந்தப் பகுதியை ஒருக்கால் மெதுவாக வாசியுங்கள்.

பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்சு எலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். நெஞ்சை நீங்கள் இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் மூச்சு எடுக்க முடியாது. சத்தம் போடாது, திமிறுவதும் குறையும். "ஆ, அடங்கிவிட்டது" என்று நினைப்பீர்கள். அடங்கியதல்ல அது.

ஆகவே பிடி தலையில் இருக்கவேண்டும், உடம்பில் அல்ல. துணியைப் பின்னாலிருந்து போட்டு, முதுகு உங்கள் உள்ளங்கையில் படும்படி எடுங்கள். பெருவிரலும் நடுவிரலும் தாடையின் இரு பக்கத்திலும், சுட்டுவிரல் உச்சந்தலையில். அப்படிப் பிடித்தால் தலை திரும்பாது, கடிக்கவும் முடியாது. மற்ற விரல்கள் சிறகை மூடிச் சும்மா கூடுபோல இருக்கட்டும். நெஞ்சுப் பக்கம் ஒன்றும் அமுக்கவேண்டாம். கையில் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பிடி பிழை, விட்டுவிடுங்கள்.

தனியாளாகச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் மகள் பிடிப்பாள், நான் வெட்டுவேன். பிடிக்கிறவருக்கு வேறு வேலை கிடையாது: பறவையின் முகத்தையும் நெஞ்சையும் பார்ப்பது, "போதும்" என்று சொல்வது. அவர் போதும் என்றால் போதும். "இன்னும் ஒரு நகம்தானே" என்று கேட்கக்கூடாது. நாங்கள் ஃபோனில் மூன்று நிமிடம் வைக்கிறோம். அதற்கு முந்தியே வாயைத் திறந்து இளைத்தாலோ, வால் மேலும் கீழும் அடித்தாலோ, கண் சொருகினாலோ, உடம்பு தளர்ந்தாலோ அந்தக் கணமே கூட்டில் விட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, தனியே இருக்க விடுங்கள்.

பறவை கையில் இருக்கிற நேரத்தில் காலில் வளையம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். தாராளமாகச் சுழலவேண்டும். இறுகியிருந்தால் அதை வெட்டுவது வைத்தியர் வேலை.

6. வெட்டு

நகத்துக்குள் ஓர் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர் நிற நகத்தில் அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு முடிகிற இடத்திலிருந்து குறைந்தது இரண்டு மில்லிமீற்றர் தள்ளித்தான் வெட்டவேண்டும். பட்ஜியின் நகத்தில் இரண்டு மில்லிமீற்றர் மிச்சம் இல்லையென்றால் வெட்டாதீர்கள், ராவுங்கள்.

சிக்கல் கறுப்பு நகத்தில். மணியன் சாம்பல் நிறக் கொக்கட்டீல், நகமெல்லாம் கறுப்பு. அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டு ஒரே வெட்டாக வெட்டினேன். இப்போது செய்வது வேறு. மகள் பிடித்திருக்க, ஃபோன் டோர்ச்சை நகத்துக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பேன். மெல்லிய நகமென்றால் நிழல் கொஞ்சம் தெரியும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அரை மில்லிமீற்றர் மட்டும் எடுப்பேன், வெட்டுமுகத்தைப் பார்ப்பேன். காய்ந்து மாப்போல இருந்தால் இன்னும் ஒரு அரை மில்லிமீற்றர். நடுவில் ஈரப்பசையான, நிறம் வேறான ஒரு புள்ளி தெரியத் தொடங்கினால் அந்த நகம் முடிந்தது.

வெட்டும்போது அந்த ஒரு விரலை மட்டும் உங்கள் இரு விரலுக்கு நடுவே தாங்கிப் பிடியுங்கள். காலை இழுத்துப் பிடித்தால் பறவை உதறும், உதறினால் மூட்டுப் பிசகும். வளைந்த கொக்கி நுனிதான் போகவேண்டும். மொட்டையாக்கிவிட்டால் கிளையைப் பற்ற முடியாமல் இரவில் விழும்.

பட்ஜி, கொக்கட்டீல் இரண்டுக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக ஒரு காலுக்கு நான்கு நகம். எட்டையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிரவு என்னைக் கெடுத்தது அந்த நினைப்புத்தான். ஏழாவது நகத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு நகம். பறவை நல்ல மனநிலையில் இருந்தால் நான்கு.

நகம் மிகவும் நீண்டுவிட்டதென்றால் உள்ளே இருக்கிற குழாயும் சேர்ந்து நீண்டிருக்கும். ஒரே தடவையில் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் நுனியை மட்டும் எடுத்து வந்தால் குழாயும் மெல்ல மெல்லப் பின்வாங்கும்.

7. இரத்தம் வந்தால்

முதலில் பறவையை விடாதீர்கள். பதற்றத்தில் கையைத் திறந்துவிட்டால் அது பறந்து, எல்லா இடமும் இரத்தம் தெளித்து, பிடிக்கப் போகும்போது இன்னும் பயந்து, இரத்த ஓட்டமும் கூடும்.

மூடியில் வைத்த கோன் பிளவருக்குள் நகத்தை நேராகக் குத்தி வையுங்கள். அல்லது கொட்டன் பட்டில் மாவைத் தொட்டு வெட்டுமுகத்தில் அமர்த்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் புது மா வைத்து மறுபடி. ஐந்து நிமிடத்துக்கு மேலும் சொட்டினால் அமர்த்திப் பிடித்தபடியே வைத்தியரிடம் கிளம்புங்கள்.

எவ்வளவு இரத்தம் போனால் ஆபத்து என்று தெரிந்திருப்பது நல்லது. பறவையின் உடம்பில் இருக்கிற இரத்தம் அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் பட்ஜிக்கு மூன்றரை மில்லிலீற்றர் அளவு, ஒரு தேக்கரண்டிகூட வராது. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கும். அதாவது ஆறு ஏழு துளி. ஒன்றிரண்டு துளிக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் துணி நனைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது.

நின்ற பிறகு தாழ்வான கிளையில் விட்டு அரை மணித்தியாலம் பக்கத்திலேயே இருங்கள். கூட்டுக் கம்பியில் ஏறினால் உறைந்தது பெயர்ந்து மறுபடி வடியும். கூட்டின் அடியில் வெள்ளைக் கடதாசி விரித்தால் ஒரு துளி விழுந்தாலும் தெரியும். அன்றைக்குக் குளிக்கத் தண்ணீர் வைக்கவேண்டாம். மிச்ச நகங்களை அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

8. வைத்தியரிடம் போவதென்றால்

முதல் தடவை வைத்தியரிடம் வெட்டிக்கொண்டு, அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை நீங்கள் செய்வதுதான் புத்தி. எனக்கு அது பிறகுதான் தோன்றியது.

போவதற்கு முன் ஃபோன் பண்ணிக் கேளுங்கள்: பறவை பார்ப்பீர்களா? பல இடங்களில் நாயும் பூனையும்தான். வரவேற்பில் இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டால் சிங்களத்தில் "குருல்லகே நியபொத்து கப்பன்ன ஓனே" (பறவையின் நகம் வெட்டவேண்டும்) என்று சொன்னால் விளங்கும். எந்த நாளில் பறவை பார்க்கிறவர் இருப்பார், நேரம் குறிக்கவேண்டுமா, நகத்துக்கு மட்டும் எவ்வளவு, பார்வைக் கட்டணம் தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான் போன இடத்தில் இரண்டும் சேர்த்து 1,500 ரூபா எடுத்தார்கள். ஓட்டோவுக்குப் போய்வர அதில் பாதிக்கு மேல் ஆனது.

கொண்டுபோகவேண்டிய கடதாசி அதிகமில்லை. முன்பு எங்காவது காட்டியிருந்தால் அந்தக் கிளினிக் கார்ட். ஒரு கொப்பியில் பறவையின் வயது, எடை, என்ன தீனி, கடைசியாக எப்போது நகம் வெட்டியது. எச்சத்தின் படம் ஒன்று ஃபோனில். எடையைக் கிழமைக்கு ஒருதரம் ஒரே நேரத்தில் எடுத்து எழுதியிருந்தால் வைத்தியர் சந்தோஷப்படுவார். பறவை நோயை ஒளித்து வைத்திருக்கும், எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டோவில் கூட்டோடு போகாதீர்கள். இரு பக்கமும் காற்று அடிக்கும், கூட்டுக்குள் விழுந்தடிக்கும். காற்றோட்டத் துளை போட்ட சின்னப் பெட்டி, அடியில் மடித்த துணி, மேலே அந்தச் சாரத் துண்டு, மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காலி வீதியில் இறங்கினால் பத்து நிமிடப் பயணம் நாற்பது நிமிடமாகும்.

பறவை விற்கிற கடையில் சும்மா வெட்டித் தருவார்கள். நானும் ஒரு தடவை ஓரிடத்தில் கொடுத்தேன். எட்டு நகத்தையும் அரை நிமிடத்தில் மொட்டையாக்கி, இரண்டில் இரத்தம் வர, தரையில் தேய்த்துவிட்டுத் தந்தார்கள். எல்லாக் கடையும் அப்படி இராது. ஆனால் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கழுவுகிறார்களா என்றாவது பாருங்கள்.

9. வெட்டுகிற வேலையைக் குறைக்க

கூட்டோடு வருகிற வழுவழுப்பான தடிதான் பாதிக் காரணம். எல்லாம் ஒரே தடிப்பு, நகம் தேயவே தேயாது. கொய்யாக் கிளை எடுத்து, மருந்து அடிக்காத மரத்திலிருந்து, கழுவி வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது, ஒன்று கோணல். ஃபிளாட்டில் கொய்யா மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தெரிந்தவர்கள் தெஹிவளையிலோ களுபோவிலவிலோ முற்றத்தோடு இருந்தால் கேளுங்கள், மரம் கவ்வாத்துப் பண்ணும்போது தருவார்கள். அலரிக் கிளை மட்டும் ஒருபோதும் வேண்டாம், கொடிய நஞ்சு. ஆனைக்கொய்யாவும் கூடாது. பெயரில்தான் கொய்யா, பறவைக்கு அதுவும் நஞ்சு.

மண் தாள் சுற்றிய தடியைக் கடைக்காரர் கட்டாயம் காட்டுவார். நகம் தேய்வதற்கு முன் உள்ளங்கால்தான் தேயும், புண் வரும். சீமெந்துத் தடி ஒன்று வைக்கலாம், தீனிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தூங்குகிற இடத்தில் அல்ல.

எங்கள் கொப்பியில் கடைசியாக எழுதியிருப்பது: மணியன், 92 கிராம், இடது கால் நான்கும் முடிந்தது, வலது காலில் மூன்று. மிச்சமுள்ள அந்தப் பின் நகத்தில்தான் அன்றைக்கு இரத்தம் வந்தது. நாளை காலை எட்டு மணிக்கு, மகளுக்குப் பள்ளி விடுமுறை.